நள்ளிரவில் குப்பென்று வேர்ப்பது ஏன்?

"நடுராத்திரியில் மார்பிலிருந்து முகம்வரை குப்பென்று சூடு ஏறுகிறது. நைட்டி நனையும் அளவுக்கு வேர்க்கிறது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் காய்ச்சல் இல்லை. ஐந்து நிமிடத்தில் குளிர ஆரம்பித்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே வருவதில்லை. வீட்டில் எல்லாரும் உடம்பு சூடு, வெந்தயம் ஊறவைத்துக் குடி என்கிறார்கள்" என்று 48 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்.

இந்த வயதில் இப்படிக் குப்பென்று சூடேறி வேர்ப்பது பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் காலத்தில் வரும் 'ஹாட் ஃபிளாஷ்'. சினைப்பையில் முட்டைகள் தீரத் தீர ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும். தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது மெனோபாஸ். இது பள்ளிப் பாடம்தான். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதில் வருவது, இந்தியப் பெண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. ஆபரேஷனில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தவர்களுக்கு உடனே வரும், கடுமையாகவும் இருக்கும். சரி, ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எதற்கு வேர்க்க வேண்டும்?

நம் உடலின் உள்வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் வேர்க்கும், ஓர் அளவுக்குக் கீழே போனால் நடுக்கம் வரும். இடைப்பட்ட வெப்பநிலையில் உடல் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும். அமெரிக்காவில் ராபர்ட் ஃப்ரீட்மன் என்ற ஆய்வாளர், வெப்பநிலையை ரேடியோவில் அனுப்பும் மாத்திரையைப் பெண்களை விழுங்கச் சொல்லி இந்த இடைவெளியை அளந்தார். மெனோபாஸுக்குப் பிறகும் தொந்தரவில்லாத பெண்களுக்கு அது சுமார் 0.4 டிகிரி செல்சியஸ் இருந்தது. ஹாட் ஃபிளாஷ் வருபவர்களுக்குக் கிட்டத்தட்ட பூஜ்ஜியம்! புரண்டு படுத்தாலோ, ஒரு போர்வையாலோ உள்வெப்பம் இம்மியளவு ஏறினாலும் மூளை பதறிப்போய்த் தோலின் ரத்தக்குழாய்களை விரித்து வேர்வையைத் திறந்துவிடுகிறது. வெப்பம் தேவைக்கு மேல் வெளியேறிவிடுவதால்தான் பின்னாலேயே குளிர் வருகிறது.

அந்த இடைவெளியைச் சுருக்குவது யார்? இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

1979-இல் ஒரு துப்புக் கிடைத்தது. எல்ஹெச் என்ற ஹார்மோன் ரத்தத்தில் சீராக இல்லாமல் விட்டுவிட்டுத் துடிப்பாக வரும். ஒவ்வொரு ஹாட் ஃபிளாஷும் அப்படி ஒரு துடிப்போடு சேர்ந்தே வருவதைப் பார்த்தார்கள். அப்படியானால் எல்ஹெச்தான் குற்றவாளியா? இல்லை. அதைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியை அகற்றிய பெண்களுக்கும் வேர்த்தது. ஆக, இரண்டையும் கிளப்பிவிடும் ஏதோ ஒன்று பிட்யூட்டரிக்கும் மேலே, மூளையின் ஹைப்போதாலமஸில் இருக்க வேண்டும்.

நவோமி ரான்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், இறந்த பெண்களின் ஹைப்போதாலமஸை மெல்லிய சீவல்களாக்கி மைக்ராஸ்கோப்பில் ஒப்பிட்டார். மெனோபாஸைக் கடந்தவர்களிடம் ஒரு குறிப்பிட்ட நரம்பணுக் கூட்டம் மட்டும் வீங்கிப் பெரிதாகியிருந்தது. 1990-91-இல் வந்த அவருடைய ஆய்வுகள் இரண்டு செய்திகளைச் சொல்லின. அந்த அணுக்களில் ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டும் இடமான ஏற்பி இருந்தது. நியூரோகைனின் பி என்ற வேதிப்பொருளை அவை அளவுக்கு மீறித் தயாரித்துக்கொண்டிருந்தன. வயதானால் மூளை அணுக்கள் சுருங்கும் என்றுதானே நினைப்போம்? இவை ஈஸ்ட்ரோஜனின் கடிவாளம் கழன்றதால் பெருத்துப்போனவை. எல்ஹெச் துடிப்பைத் தூண்டுவதும் இவைதான். இவற்றின் இழைகள் பக்கத்திலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு மையத்துக்கும் போகின்றன. 1979-இன் புதிர் அங்கே அவிழ்ந்தது. 2015-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆரோக்கியமான பெண்களுக்கு நியூரோகைனின் பி செலுத்திப் பார்த்தபோது அவர்களுக்கும் ஹாட் ஃபிளாஷ் வந்தது. அதன் ஏற்பியை அடைக்கும் ஃபெசோலினெட்டன்ட் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. கல்லீரலைப் பரிசோதித்துக்கொண்டே சாப்பிட வேண்டிய மருந்து அது.

துப்புக்கும் மாத்திரைக்கும் நடுவே 44 ஆண்டுகள். பல பெண்களுக்கு 7 ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும் தொந்தரவுக்கு இவ்வளவு தாமதம் ஆனதில் எனக்குக் கோபம் உண்டு. இந்த வயதுப் பெண்களின் தூக்கம் ஆராய்ச்சிப் பணத்துக்குத் தகுதியான விஷயம் என்று யாரும் அவசரப்படவில்லை. நம் ஊரில் 'அந்த வயசுல அப்படித்தான்' என்று வாயை அடைத்துவிடுகிறோம். வெந்தயம் குடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் கோளாறு வயிற்றில் இல்லையே!

தூக்கத்துக்கு வருவோம். கனவு வரும் ரெம் தூக்கத்தில் உடலின் வெப்பக் கட்டுப்பாடு மங்கிவிடும், ஹாட் ஃபிளாஷும் அடங்கியிருக்கும். ரெம் பெரும்பாலும் பின்னிரவில்தான் வரும். அதனால் ஹாட் ஃபிளாஷ் தட்டி எழுப்புவது பெரும்பாலும் முன்னிரவில் என்று ஃப்ரீட்மன் கண்டார். ஏசி இருந்தால் படுத்த முதல் நான்கு மணி நேரத்துக்காவது போடுங்கள். இல்லாவிட்டால் ஃபேன் காற்று நேராக மேலே படும்படி படுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோரப் புழுக்கத்தில் வேர்வை சீக்கிரம் காயாது. பருத்தி நைட்டி, மாற்ற இன்னொன்று கைக்கெட்டும் தூரத்தில். விடியற்காலையில் மட்டும் விழிப்பு வந்து, குறட்டையும் இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்க வேண்டும். மெனோபாஸுக்குப் பிறகு அது கூடும்.

அதிகம் பலன் தருவது இன்றும், குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சைதான். 2002-இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வொன்று மார்பகப் புற்று அபாயத்தைக் காட்டி நிறுத்தப்பட்டதும் உலகமே பயந்தது. அதில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் ஆகி 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்கு நன்மையே அதிகம் என்பது இப்போதைய மருத்துவக் கருத்து. கர்ப்பப்பை இருந்தால் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே எடுக்க வேண்டும். மார்பகப் புற்று வந்தவர்களுக்கும் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் பொதுவாக இது ஆகாது. ஹார்மோன் இல்லாத மாத்திரைகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். சிபிடி என்ற உளவியல் பயிற்சியால் தூக்கமும் மேம்படும், ஹாட் ஃபிளாஷ் தரும் அவதியும் குறையும்.

ஒன்று மட்டும் விட்டுவிடாதீர்கள். இரவு வேர்வையோடு எடை குறைதல், விடாத இருமல், மாலைக் காய்ச்சல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்து காசநோய் இல்லையென்று உறுதிப்படுத்துங்கள். தைராய்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.