போறணையும் வெதுப்பும்: ‘அல் ஃபோர்னோ’வுக்கு நம்மிடம் உள்ள சொற்கள்

கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு என்று வன்னியின் பல வீடுகளில் இப்போது மேசையில் வைக்கிற சின்ன மின் ஓவன் இருக்கிறது. கேக் அடிக்க வாங்கிய ஓவனில் இளையவர்கள் பாஸ்தாக் குழலுக்குள் சீஸை அடைத்து, தக்காளிக் குழம்பு ஊற்றி, மேற்பரப்பு பொன்னிறமாகும்வரை வைத்து எடுக்கிறார்கள். பெயர் கேட்டால் ‘பேக்ட் பாஸ்தா’ என்பார்கள். அதைத் தமிழில் எழுதப் போனால் கை தயங்குகிறது. ‘சுட்ட பாஸ்தா’ என்றால் தோசைக்கல் கண்ணுக்கு வரும். ‘வேகவைத்த பாஸ்தா’ என்றால் கொதிநீரில் அவித்ததாகிவிடும். ஆனால் இந்தச் சமையலுக்கு வேண்டிய சொற்களில் அநேகமானவை வன்னியின் குசினியிலும் பேக்கரியிலும் ஏற்கெனவே புழங்குகின்றன. எடுத்துப் பொருத்த வேண்டியதுதான் பாக்கி.

இத்தாலியர் இவ்வகை உணவை ‘அல் ஃபோர்னோ’ என்பார்கள். ‘ஃபோர்னோ’ என்பது பாண் சுடுகிற, மூடிய அடுப்பு. லத்தீனின் ‘ஃபுர்னுஸ்’ அதன் வேர். அதே வேரிலிருந்து வந்த போர்த்துக்கீசச் சொல்லும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்கும். போர்த்துக்கீசர் மன்னாரை 1560இலும் யாழ்ப்பாண அரசை 1619இலும் கைப்பற்றி, 1658இல் எல்லாவற்றையும் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். அவர்கள் போனாலும் பாண், குசினி, மேசை, கதிரை, அலுமாரி, சப்பாத்து எல்லாம் நம் வாயில் தங்கிவிட்டன. அந்த வரிசையில் வந்ததுதான் ‘போறணை’. தமிழ் நாவில் ‘ஃப’ இல்லாதபடியால் ‘ப’ ஆயிற்று. சிங்களத்தில் அதுவே ‘போறணுவ’. ஆகவே ‘அல் ஃபோர்னோ’ என்பதைப் ‘போறணையில் வைத்தது’ என்று சொன்னால் அது வெறும் மொழிபெயர்ப்பு அல்ல. இரண்டும் ஒரே சொல்.

பேக்கரிப் போறணையை ஒருமுறை கிட்ட நின்று பார்த்தால் அடுத்த சொல்லுக்கான விளக்கமும் கிடைத்துவிடும். செங்கல்லால் வளைத்துக் கட்டிய கூடு அது. விறகை உள்ளேயே எரிப்பார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் தணலை இழுத்து ஒதுக்கி, ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார்கள். பிறகு நீண்ட பிடி போட்ட பலகையால் மாவை உள்ளே தள்ளி வாயை மூடிவிடுவார்கள். அந்த நேரம் உள்ளே நெருப்பு இல்லை, தண்ணீரும் இல்லை, எண்ணெயும் இல்லை. கல் வாங்கி வைத்த வெக்கை நாலா பக்கமும் இருந்து இறங்கிப் பாணை ஆக்குகிறது.

இந்தச் செயலுக்குத் தனி வினை நம் பேச்சில் இல்லை. தோசை சுடுகிறோம், பிட்டு அவிக்கிறோம், மிளகாய் வறுக்கிறோம், மீன் பொரிக்கிறோம், வாழையிலை வாட்டுகிறோம். போறணைக்கு வந்ததும் பாணையும் ‘சுடு’கிறோம், கேக்கையோ ‘அடி’க்கிறோம். இங்கேதான் ‘வெதுப்பு’ கைகொடுக்கிறது. வெம்மை, வெப்பம், வெயில், வெதுவெதுப்பு எல்லாம் இதன் உறவு. வெதும்பு என்றால் தானே சூடாதல், வெதுப்பு என்றால் சூடாக்குதல். நிரம்பு–நிரப்பு, திரும்பு–திருப்பு, எழும்பு–எழுப்பு என்ற அதே சோடி அமைப்பு. புதிதாகச் செய்த சொல் அல்ல, பழைய வினை. பேக்கரிக்கு ‘வெதுப்பகம்’ என்று வன்னியின் கடைப் பலகைகளில் எழுதிய காலத்தில் அது மீண்டும் தெருவுக்கு வந்தது. ஐஸ்கிறீமுக்குக் ‘குளிர்களி’ என்று எழுதியதும் அப்போதுதான். பாணுக்கு ‘வெதுப்பி’ என்றும் ஒரு சொல் வந்தது. அது பாணை அசைக்கவில்லை. வெதுப்பகம் மட்டும் வேரூன்றி, இன்று புலம்பெயர்ந்த ஊர்களின் தமிழ்க் கடைப் பெயர்களிலும் தெரிகிறது.

தமிழ்நாட்டில் பேக்கரியை ‘அடுமனை’ என்று எழுதுகிறார்கள். அழகான சொல்தான். ஆனால் அடுதல் என்பது சமைத்தல் முழுவதற்கும் பொது. அடுப்பும் அடிசிலும் அங்கிருந்து வந்தவை. சோறாக்கும் இடத்தையும் அடுமனை என்று சொல்லலாமே. வெதுப்பு என்பது இளஞ்சூடு மட்டும், 180 பாகை வெப்பத்துக்குப் பொருந்தாது என்று சிலர் தடுப்பார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வெயிலில் பயிர் வெதும்புவதும் இதே சொல்தான். சுடர் தொடாமல், சூழ்ந்து நிற்கும் வெக்கையால் ஒரு பொருள் மாறுவதை இதைவிடச் சரியாகச் சொல்லும் வேறொரு வினை எனக்குத் தெரியவில்லை. கருவிக்குப் போறணை, செயலுக்கு வெதுப்பு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இனி அடைப்பது. கொழுக்கட்டைக்கும் மோதகத்துக்கும் உள்ளே வைப்பதை நம் பக்கத்தில் ‘உள்ளுடன்’ என்பார்கள், தமிழ்நாட்டில் ‘பூரணம்’. இத்தாலியன் சொல் ‘ரிப்பியேனோ’. அதன் நடுவில் இருக்கிற ‘பியேனோ’ லத்தீனின் ‘பிளேனுஸ்’, நிறைந்தது என்று பொருள். வடமொழிப் ‘பூர்ண’வும் அந்த லத்தீன் சொல்லும் ஒரே மூலச்சொல்லின் பிள்ளைகள் என்பது மொழியியலாளர் முடிவு. பூரணம் என்று எழுதினால் இத்தாலியனின் தூரத்துச் சொந்தம் வரும். உள்ளுடன் என்று எழுதினால் வீட்டுச் சொல் வரும். நான் எழுதுவது உள்ளுடன்.

குழலின் பெயர் ‘கனெலோனி’. ‘கன்னா’ என்றால் நாணல்; ‘கன்னெல்லோ’ சிறு குழல்; ‘கனெலோனி’ பெருங்குழல்கள். இதே நாணல் வேரிலிருந்து கறுவாவுக்கும் பெயர் வந்தது: இத்தாலியனில் ‘கன்னெல்லா’, போர்த்துக்கீசத்தில் ‘கனெலா’. உரித்த பட்டை காய்ந்து சுருண்டு குழலாவதைப் பார்த்து இட்ட பெயர். அந்தக் கனெலாவைத் தேடி இலங்கைக்கு வந்தவர்கள்தான் போறணையையும் விட்டுப்போனார்கள். தமிழுக்குக் ‘குழல்’ போதும். பிட்டுக்குழல் தெரிந்த வீட்டில் இதற்கு விளக்கம் வேண்டியதில்லை. ‘பாஸ்தா’வை மட்டும் அப்படியே விடலாம். பிசைந்த மா என்பதுதான் அதன் பொருள். தேத்தண்ணிக் கடைப் ‘பற்றிஸ்’ஸும் அந்த வேர்தான். பாணை ஏற்றுக்கொண்ட மொழிக்குப் பாஸ்தா பாரமில்லை.

சீஸுக்குப் ‘பாலாடைக்கட்டி’ என்று எழுதுவது பரவலான வழக்கம். எனக்கு அதில் மனக்குறை உண்டு. பாலாடை என்பது காய்ச்சிய பாலின் மேல் படரும் ஏடு. சீஸ் ஏட்டிலிருந்து வருவதில்லை. பால் முழுவதையும் திரைய வைத்து, நீரைப் பிரித்து, திரண்டதை இறுக்குவதில் வருகிறது. ஆகவே ‘பாற்கட்டி’ என்பதே நேர். இத்தாலியரின் ‘ஃபொர்மாஜ்ஜோ’வும் அச்சில் உருக்கொடுத்தது என்ற பொருளில் பிறந்ததுதான்.

கனெலோனிக்குள் வழக்கமாகப் போவது ரிக்கொற்றா. ‘மறுபடி காய்ச்சியது’ என்று பொருள். சீஸ் எடுத்து மிஞ்சிய தெளிநீரைத் திரும்பக் காய்ச்சினால் அதில் கரைந்திருக்கும் புரதம் மென்மையாகத் திரண்டு வரும், அதுதான் ரிக்கொற்றா. அதன் ‘கொற்றா’வும் நம் ‘குசினி’யும் லத்தீனில் சமைத்தலைக் குறிக்கும் ஒரே வினையில் முளைத்தவை.

வன்னி வீட்டில் தெளிநீர் கிடைக்காது, பால் கிடைக்கும். இரண்டு லீற்றர் பாலைக் கொதிக்கவிட்டு இறக்கி, நாலைந்து மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெல்லக் கிளறவும். கவனிக்க வேண்டியது நீரின் நிறம். பால்போல் வெள்ளையாக நின்றால் இன்னும் திரையவில்லை, மேலும் சில துளி விடவும். இளம் பச்சை கலந்த மஞ்சளாகத் தெளிந்தால் சரி. மெல்லிய துணியில் வடிக்கவும், முறுக்கிப் பிழியவேண்டாம்; ஈரம் கொஞ்சம் நின்றால்தான் உள்ளுடன் மெதுவாக இருக்கும். எருமைப்பால் என்றால் கொழுப்புக் கூட, கட்டியும் கூட வரும். இத்தாலியில் கம்பானியாவின் பேர்போன மொசரெல்லாவும் எருமைப்பாலில்தான் செய்கிறார்கள். சட்டித் தயிருக்கு எருமை வைத்திருக்கும் வன்னிக்கு அது நல்ல செய்தி.

இந்தக் கட்டிக்குள் அவித்து இறுகப் பிழிந்த பசளிக்கீரை, ஒரு முட்டை, உப்பு, மிளகு, துருவிய சாதிக்காய் சேர்த்தால் உள்ளுடன் தயார். புளி விட்டுத் திரைந்த கட்டி சூட்டில் உருகாது, ஆகையால் குழலுக்குள்ளேயே நிற்கும். மேலே தூவும் மொசரெல்லா உருகி இழுபடும். இரண்டையும் சீஸ் என்று ஒரே பெயரில் அழைத்தாலும் வேலை வேறு. கடையில் குழல் கிடைக்காவிட்டால் 200 கிராம் கோதுமை மாவை இரண்டு முட்டையில் பிசைந்து, அரை மணி மூடி வைத்து, மெல்லியதாக உருட்டி, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக வெட்டவும். கொதிநீரில் ஓரிரு நிமிடம் போட்டெடுத்து, உள்ளுடனை வைத்துச் சுருட்டினால் அதுவே குழல். தட்டில் முதலில் தக்காளிக் குழம்பு, அதன்மேல் குழல்கள், திரும்பவும் குழம்பு. காய்ந்த குழலை அவிக்காமல் அடைத்திருந்தால் குழம்பு தாராளமாக, குழல் மூழ்கும் அளவுக்கு வேண்டும். 180 பாகையில் 20 நிமிடம் மூடியும், பிறகு 10 நிமிடம் திறந்தும் வெதுப்பவும். எடுத்ததும் வெட்டாமல் 10 நிமிடம் விட்டால் குலையாமல் பரிமாறலாம்.

எழுதும்போது ‘பாற்கட்டி உள்ளுடன் வைத்து வெதுப்பிய குழல் பாஸ்தா’ என்று ஒருமுறை முழுதாக எழுதிவிட்டு, அதன்பின் ‘வெதுப்பிய குழல்’ என்று சுருக்கலாம். பெருஞ் சிப்பி வடிவில் வரும் ‘கொங்கில்யோனி’க்குக் குழலை எடுத்துவிட்டுச் ‘சிப்பி’ போடுங்கள். லசான்யாவில் உள்ளுடன் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அங்கே எதையும் அடைப்பதில்லை, அது ‘அடுக்கு’.