ஈக்வாஸ் குப்பியும் பக்கத்து லேப் போனும்

ஈக்வாஸ் குப்பி வருகிற நாளில் சில லேப்களின் நடையே மாறிவிடும். மிஷினைக் கூடுதலாக ஒருமுறை கழுவுவார்கள். புது ரீஏஜென்ட் (சோதனை ரசாயனம்) பாட்டில் திறப்பார்கள். கை பழகிய சீனியர் டெக்னீஷியன் மட்டும்தான் அந்தக் குப்பியைத் தொடலாம். ஒவ்வொரு டெஸ்ட்டையும் மூன்று தடவை ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். கிராமத்திலிருந்து வெறும் வயிற்றோடு பஸ் ஏறி வந்த நோயாளியின் ரத்தத்துக்கு இந்த உபசாரம் எதுவும் கிடையாது.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு: ஈக்வாஸ் என்பது வெளித்தரக் கட்டுப்பாட்டுத் திட்டம். உலர்த்திய சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஒரே தொகுதியாகத் தயாரித்து, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல், ஏராளமான லேப்களுக்கு அனுப்புவார்கள். எல்லோரும் சோதித்து விடையை அனுப்ப வேண்டும். அதே முறையில் சோதித்தவர்களின் சராசரியிலிருந்து நாம் எவ்வளவு விலகி நிற்கிறோம் என்று அறிக்கை வரும். உயிர்வேதியியலுக்கு வேலூர் சிஎம்சி நடத்தும் திட்டம் நம் ஊர் லேப்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். ரத்தவியலுக்கு டெல்லி எய்ம்ஸ் நடத்துகிறது. இந்த யோசனை பழையது. 1947இல் பெல்க், சண்டர்மேன் என்ற இருவர் அமெரிக்காவில் பல மருத்துவமனை லேப்களுக்கு ஒரே மாதிரியை அனுப்பிப் பார்த்தார்கள். தேறிய விடைகளைவிடத் தேறாதவையே அதிகம்.

“தினமும் கன்ட்ரோல் ஓட்டுகிறோமே, அது போதாதா?” என்று கேட்பார்கள். கன்ட்ரோல் என்பது மிஷின் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க லேப்பே தினமும் சோதிக்கும் சாம்பிள். போதாது. நேற்று நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறீர்கள் என்று மட்டும்தான் அந்தக் கன்ட்ரோல் சொல்லும். அந்த இடம் சரியா என்பது அதற்குத் தெரியாது. மளிகைக்கடைத் தராசு தினமும் ஒரே அளவு குறைத்து நிறுத்தினால் கடைக்காரருக்கு அது ஒழுங்காகத்தான் தெரியும். முத்திரை போட வருகிறவர் தன் எடைக்கல்லை வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு லேப்பில் ஈக்வாஸ் மதிப்பெண் மாதாமாதம் பிரமாதமாக வரும். காரணம் ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. குப்பி வந்த அன்று மாலை எங்கள் சீனியர் பக்கத்து ஊர் லேப்புக்குப் போன் போடுவார். “அண்ணே, யூரியா எவ்வளவு வந்துச்சு? கால்சியம்?” அதற்கேற்ப எங்கள் எண்களைக் கொஞ்சம் நகர்த்தி அனுப்பிவிடுவார். எனக்கும் தெரிந்தபின் சில மாதங்கள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். மறைக்க விரும்பவில்லை.

ஒரு மாதம் அந்த அண்ணன் குலதெய்வக் கோயிலுக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி அனுப்பினோம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் எங்களுக்கு 2.14. குழுச் சராசரி 1.80, திட்ட விலகல் (விடைகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறின என்ற அளவு) 0.10. வித்தியாசம் 0.34. அதை 0.10ஆல் வகுத்தால் 3.4, இதுதான் இசட் ஸ்கோர். இரண்டுக்குள் இருந்தால் தேர்ச்சி, மூன்றைத் தொட்டால் தோல்வி.

தேட ஆரம்பித்தோம். ரீஏஜென்ட் சரி. மிஷின் விளக்கு சரி. கடைசியில் கேலிப்ரேட்டர் (மிஷினுக்கு அளவு கற்றுக்கொடுக்கும், மதிப்பு தெரிந்த திரவம்) பெட்டிக்குள் இருந்த தாளில் மாட்டியது. புது லாட்டின் (தயாரிப்புத் தொகுதி) மதிப்பு 3.45. மிஷினில் இருந்தது பழைய லாட்டின் 4.10. பெட்டியை மாற்றியவர் எண்ணை மாற்றவில்லை, அவ்வளவுதான். சரி, தினசரி கன்ட்ரோல் ஏன் கத்தவில்லை? அதே வாரம் கன்ட்ரோலும் புது லாட். அதற்கான சராசரியை எங்கள் மிஷின் காட்டிய எண்களை வைத்தே போட்டிருந்தோம். தப்பான மிஷினிடமே கேட்டு அதற்குச் சான்றிதழ் எழுதியது போல.

இப்போது கணக்குப் போடுங்கள். உண்மையில் 1.1 இருந்தவருக்கு 1.3 என்று ரிப்போர்ட் போயிருக்கும். அந்த எண்ணை வைத்து ஒரு டாக்டர் சர்க்கரை மாத்திரையை மாற்றியிருக்கலாம், இன்னொருவர் சாய மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் ஸ்கேனைத் தள்ளிப்போட்டிருக்கலாம். அந்த வாரங்களின் ரிப்போர்ட்டுகளை எடுத்து டாக்டர்களுக்குப் போன் செய்தோம். நான் பேசிய போன்களிலேயே கஷ்டமானவை அவை.

அமெரிக்காவில் இந்தக் குப்பியை வேறு லேப்புக்கு அனுப்பி விடை வாங்கினால் உரிமமே ரத்தாகலாம். இங்கே அதை நட்பு என்கிறோம்.

அறிக்கையைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். ஒரு டெஸ்ட் மட்டும் விலகினால் அந்த டெஸ்ட்டைப் பாருங்கள். எல்லாமே ஒரே பக்கமாக நாலு சதவீதம் ஏறியிருந்தால் மிஷினைத் திட்டாதீர்கள், தண்ணீரை அளந்து விடும் பைப்பட்டைப் பாருங்கள். 5 மில்லி தண்ணீர் விடவேண்டிய தூளில் 4.8 விட்டால் அப்படித்தான் ஏறும். முதலில் அலறுவது சோடியம். அதில் லேப்களுக்குள் வித்தியாசம் குறைவு என்பதால் சின்னப் பிழையும் பெரிய ஸ்கோராகத் தெரியும். தண்ணீர் விட்டபின் குப்பியைக் குலுக்கக் கூடாது, நுரை வந்துவிடும். மெதுவாக உருட்டி, முழுதாகக் கரையும்வரை காத்திருக்க வேண்டும். வெளிச்சத்தில் வைத்தால் பிலிருபின் (மஞ்சள் காமாலைக்குப் பார்க்கும் பொருள்) இறங்கிவிடும்.

ரத்தம் எடுப்பதில் நடக்கிற தப்பு எதுவும் இதில் தெரியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெயர் மாறிய டியூப், சிரிஞ்சில் வேகமாக உறிஞ்சிச் சிவப்பணு உடைந்து பொட்டாசியம் ஏறிய சாம்பிள், இவையெல்லாம் ஈக்வாஸ் கண்ணில் படாது.

டெஸ்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நம் நாட்டில் லேப் நடத்த என்ஏபிஎல் (லேப்களின் தரத்துக்குச் சான்று தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பொதுவாகக் கட்டாயமில்லை. அதனால் கேட்டால்தான் தெரியும். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பெரும்பாலும் பங்கேற்புச் சான்றிதழ். “போன மாத ஈக்வாஸ் அறிக்கையைப் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். தோல்வி இருந்தால் பயப்பட வேண்டாம், அதற்கு என்ன செய்தார்கள் என்ற குறிப்பு பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு மாதமும் ஒரு பிசகும் இல்லாத அறிக்கையைப் பார்த்தால் எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வருகிறது.

போன வாரம் குப்பி வந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் கரைத்து வைத்துவிட்டு, “மேடம், எல்லா சாம்பிளும் முடிஞ்சதும் இதைத் தனியா ஓட்டவா?” என்று கேட்டாள். ராக்கில் அன்றைய டியூப்கள் வரிசையாக நின்றன.

“வேணாம்மா. 37ஆம் நம்பருக்கு அப்புறம் வை. ஒரே ஒரு தடவை ஓட்டு.”