கறுப்பு அடிக்கும் முன் சுவரைத் தொட்டுப் பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "கிறிஸ்துமஸுக்குள்ள ஹால்ல ஒரு சுவரை மட்டும் கறுப்பாக்கித் தர முடியுமா?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து வீடுகளில் உள் அலங்கார வேலை செய்கிறேன். கறுப்பு எனக்கு மிகவும் பிடித்த நிறம். மழையும் குளிருமான மாதங்களில் அதுபோல் ஓர் அறையைக் கதகதப்பாகக் காட்டும் நிறம் வேறில்லை. இருந்தாலும் சுவரைப் பார்க்காமல் சரி என்று சொல்லமாட்டேன்.

நம் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் பெய்யும், வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். ஜூனில் நனைந்த சுவர் காய்வதற்குள் அக்டோபர் மழை வந்துவிடும். அந்த ஈரத்தின் மேல் பெயின்ட் அடித்தால் உப்பு பூக்கும். வெள்ளைச் சுவரில் அது அவ்வளவாகக் கண்ணில் படாது, கறுப்பில் சாம்பல் தூவியதுபோல் நிற்கும். உப்பாவது தெரிகிறதே. பூசணத்தில் பல வகை கறுப்பாகவே இருக்கும். கறுப்புச் சுவரில் அது வளர்ந்தால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது.

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தையின் படுக்கையறையில் ஈரத் திட்டை மறைப்பதற்கென்றே கறுப்பு அடித்திருந்தார்கள். கட்டிலை மாற்றிப் போட யோசனை கேட்டுத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே நுழைந்ததுமே பூசண வாடை. பிள்ளைக்கு ராத்திரியில் இருமல் என்று அந்த அம்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. அன்றைக்கே பிள்ளையை வேறு அறையில் படுக்க வைக்கச் சொன்னேன். மொட்டைமாடிக் குழாயின் கசிவை அடைத்து, பூச்சைக் கொத்தி, நன்றாகக் காயவிட்டு, கடைசியில் வெள்ளைதான் அடித்தோம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழ அகல பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டுங்கள். ஒரு நாள் கழித்து உள்பக்கம் நீர் முத்து பூத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் காயவில்லை.

அப்படியானால் கறுப்பே வேண்டாமா? பத்மநாபபுரம் அரண்மனைத் தரையை ஒருமுறை போய்ப் பாருங்கள். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் போட்டது என்பார்கள். கண்ணாடிபோல் மெருகேறிய அந்தக் கறுப்பு, சன்னலில் விழும் வெளிச்சத்தை வாங்கி அறைக்குள் விடுகிறது. மினுக்கமில்லாத கறுப்பு பெயின்ட் தன்மேல் விழும் வெளிச்சத்தில் 100க்கு 5 பங்குகூடத் திருப்பித் தராது. வெள்ளை 80க்கு மேல் தரும். மழை மூட்டத்தில் பகலிலேயே விளக்குப் போடும் வீட்டில் இது சின்ன வித்தியாசம் இல்லை.

அதனால் கறுப்பைப் பொருளில் கொண்டுவாருங்கள். பாட்டி வீட்டு ஈட்டி மர நாற்காலி, வாசலோரம் ஓர் ஆட்டுக்கல், படங்களுக்குக் கறுப்புச் சட்டம் போதும். குளச்சல், முட்டம் போலக் கடலோரம் என்றால் கறுப்பு பெயின்ட் அடித்த இரும்பு வேண்டாம், உப்புக்காற்றில் வெல்டிங் வைத்த இடத்திலிருந்தே துரு கிளம்பும். அலுமினியம் வாங்குங்கள்.

சுவர்தான் கறுப்பாக வேண்டும் என்றால் மாசி வரை பொறுங்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வெள்ளைச் சுவரின் முன்னால் ஒரு கறுப்பு விளக்கு வையுங்கள், பல்பு மட்டும் 2700 கெல்வின் மஞ்சளாகப் பார்த்து வாங்குங்கள்.