அடினாய்டு 'மூக்குச் சதை' அல்ல

குழந்தைக்கு மூக்கின் பின்னால் உள்ள அடினாய்டு என்ற திசு பெரிதாகியிருந்தால் "மூக்குல சதை வளந்திருக்கு" என்று சொல்லிவிடுகிறார்கள். நாளிதழ்களின் நலப்பக்கங்களிலும் இதே சொல்தான். இதைக் கைவிட வேண்டும்.

கிரேக்கத்தில் 'அடேன்' சுரப்பி, 'எய்டோஸ்' வடிவம். ஆக, சுரப்பி போன்றது. 1868இல் கோபன்ஹேகன் மருத்துவர் வில்ஹெல்ம் மேயர் இதன் வீக்கத்தை விரிவாக விளக்கினார். 'போன்றது' என்பதை விழுங்கிவிட்டு 'அடினாய்டு சுரப்பி' என்று எழுதுவது பிழை. சிலர் 'தசை' என்கிறார்கள். அது அதைவிடப் பிழை. இது நோய்க்கிருமியை எதிர்க்கும் நிணநீர்த் திசு. பதின்வயதுக்குள் பெரும்பாலும் தானே சுருங்கிவிடும்.

'மூக்குச் சதை'யால் விளையும் கேடுதான் பெரிது. பாலிப் (மூக்குச் சவ்வு வீங்கித் தொங்குவது), புடைத்த டர்பினேட் (மூக்கின் உட்சுவர் மடிப்பு), அடினாய்டு மூன்றுக்கும் அந்த ஒரே பெயர். டார்ச் அடித்துப் பார்த்தால் மூக்குக்குள் தெரியும் இளஞ்சிவப்புத் திரட்சி பெரும்பாலும் டர்பினேட். அது எல்லோருக்கும் இருப்பது. அதைக் கண்டு பெற்றோர் பதறுகிறார்கள். அடினாய்டோ மூக்கின் பின்கோடியில், உள்நாக்குக்கு மேலே மறைந்திருக்கும். எண்டோஸ்கோப்பியோ பக்கவாட்டு எக்ஸ்ரேயோ இல்லாமல் பெரும்பாலும் தெரியாது.

அடினாய்டின் இருபுறமும் நடுக்காதுக் குழாயின் வாய் இருக்கிறது. வீங்கினால் குழாய் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் பசைபோல் நீர் கட்டும். குழந்தை டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால்தான் பல குழந்தைகளுக்கு ஒரே மயக்க மருந்தில் இரண்டையும் செய்கிறார்கள்: அடினாய்டை வாய்வழியே எடுப்பார்கள், செவிப்பறையைச் சற்றே கீறி, நீரை உறிஞ்சி, சுமார் 1 மி.மீ. துளையுள்ள கிரோமெட் என்ற சிறு குழாயைப் பொருத்துவார்கள். அது பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானாக விழுந்துவிடும். 'மூக்குச் சதை' என்று மட்டும் கேள்விப்பட்டவர்கள் "மூக்குக்குத்தானே வந்தோம், காதுல ஏன் கை வைக்கிறீங்க?" என்று கேட்கத்தான் செய்வார்கள். அண்ணத்தில் மறைபிளவு (சவ்வுக்கு அடியில் மறைந்த பிளவு) இருக்கிறதா என்று முன்பே ஏன் பார்க்கிறார்கள் என்பதும் அவர்களுக்குப் புரியாது. அந்தப் பிளவைக் கவனிக்காமல் அடினாய்டை எடுத்துவிட்டால் பேச்சு மூக்கால் ஒலிக்கலாம். குடித்த நீர் மூக்கில் ஏறலாம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. டான்சிலுக்கு 'அடிநாச்சதை' என்று பெயர். காதில் விழும்போது அடினாய்டும் அதுவும் ஒன்றுபோலவே இருக்கும். அடினாய்டை மட்டும் எடுத்தால் டான்சில் அங்கேயேதான் இருக்கும். பிறகு தொண்டை வலித்தால் "அதைத்தான் எடுத்தாச்சே" என்கிறார்கள்.

அடினாய்டுக்கு மாற்றாக 'மூக்கடி' என்று தொடங்கும் சொல்லாக்கங்களும் சரிப்படாது. மேலுதட்டுப் பக்கம்தான் நினைவுக்கு வரும். 'பின்மூக்கு நிணத்திசு' இடத்தையும் தன்மையையும் ஒருசேரச் சொல்கிறது. 'நிணம்' பழந்தமிழில் கொழுப்பு என்று மறுப்பவர்கள் உண்டு. 'நிணநீர்' பள்ளிப் பாடநூலிலேயே வேரூன்றிவிட்டது. அந்த மறுப்பு இனி நிற்காது. ஒப்புதல் படிவத்தில் இச்சொல்லையும் பக்கத்தில் 'அடினாய்டு' என்பதையும் சேர்த்தே எழுதலாம். காதிலும் அறுவை உண்டென்றால் அதைத் தனி வரியில் எழுத வேண்டும்.