சீட் சுவிட்ச் வயரை முறுக்கிக் கட்டாதீர்கள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் மெஷின்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். பங்களா, பழத்தோட்டம், கோயில் நிலம், தொழிற்சாலை வளாகம் என்று புல் வெட்டும் வேலையை எடுத்துச் செய்யும் நம் ஆட்கள் பலர் வைத்திருப்பது செகண்ட் ஹேண்ட் வண்டிதான். இருபது வருஷத்துப் பழைய வண்டிகூட என் பட்டறைக்கு வருகிறது. அதன் வயது எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. வீட்டில் அதற்கு என்னென்ன செய்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பேட்டரி புதிதாக இருக்கும், ஸ்டார்ட்டர் புதிதாக இருக்கும், சீட்டைத் தூக்கினால் அடியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்சின் இரண்டு வயரை ஒன்றாக முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருக்கும். அந்த டேப்பைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்குக் கொண்டுபோய் விடும் பழக்கம், அதாவது கோளாறு எங்கே என்று பார்க்காமல் கைவைப்பது, முன்னாடியே ஆரம்பித்துவிடுகிறது.

பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் அரைச் சுற்று சுற்றி, எதிலோ முட்டியதுபோல் நிற்கிறது. இன்னொரு முறை திருப்பினால் சில நேரம் எடுத்துக்கொள்ளும். உடனே பேட்டரி மாற்றுவார்கள். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஸ்டார்ட்டர். மீட்டரை வைத்துப் பார்ப்பவர் குறைவு. முழு சார்ஜ் உள்ள பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் போட்டுவிட்டு மறுபடி பாருங்கள். சாவியைத் திருப்பும் நேரத்தில் 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பேட்டரி மேல் பழி போடலாம். அதற்கு முன் எர்த் கேபிள் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பிடிக்கும் இடத்தைக் கழற்றித் தேயுங்கள். நம் ஊர் ஈரத்தில் அந்த போல்ட் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் முட்டி நின்றால் வால்வு இடைவெளியைப் பாருங்கள். ஒற்றை சிலிண்டர் எஞ்சின்களில், ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும் ஒரு வால்வைச் சற்றே திறந்து வைத்து உள்ளே இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் ஓடித் தேய்ந்து வால்வு இடைவெளி அகன்றுவிட்டால், அந்தச் சின்னத் தூக்கல் வால்வைப் போய்ச் சேராது. ஸ்டார்ட்டர் முழு அழுத்தத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனின் இன்டெக் வகை ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் காற்று உள்ளே போகும் வால்வுக்கு 0.08 முதல் 0.13 மில்லிமீட்டர், புகை வெளியே போகும் வால்வுக்கு 0.13 முதல் 0.18 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் உச்சியைத் தாண்டி 6 மில்லிமீட்டர் இறங்கி நிற்க வேண்டும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. பாகம் எதுவும் வாங்க வேண்டாம், வால்வு மூடியின் கேஸ்கெட்டைத் தவிர. இது தெரியாமல் புது ஸ்டார்ட்டர் போட்டவர்களை நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

அடுத்தது கையேடு. அதில் இருக்கும் அட்டவணை குளிர்காலம் உள்ள நாட்டுக்கு எழுதியது. வருஷத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்று என்று ஒரு வரி இருக்கும், பக்கத்திலேயே 50 மணி நேரம் என்றும் இருக்கும். அங்கே பாதி வருஷம் புல் தூங்குகிறது, இங்கே அப்படியா? வாரம் 6 மணி நேரம் ஓடும் வண்டிக்கு இரண்டே மாதத்தில் 50 மணி நேரம் வந்துவிடும். ஆகவே மணிக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், வருஷத்தை மறந்துவிடுங்கள். ஆயிலும் எஸ்ஏஈ 30 ஊற்றுங்கள். காருக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் 10டபிள்யூ-30, 27 டிகிரிக்கு மேலான வெயிலில் சீக்கிரம் குறையும். பினாங்கில் எந்த மாதத்துப் பகலும் அதற்கு மேல்தான். ஆயில் மாற்றும்போதே எஞ்சின் மேல் மூடியையும் கழற்றுங்கள். காய்ந்த புல், சில நேரம் எலிக்கூடு, குளிரவைக்கும் ரெக்கைகளை அடைத்திருக்கும். சூடு ஏறி எஞ்சின் போவதற்கு அது போதும்.

நமக்கும் ஒரு ஓய்வுக்காலம் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைந்து புல் மெதுவாக வளரும். தைப்பூச நேரத்தில் நிறுத்திய வண்டி, ஏப்ரல் மழைக்குப் புல் மளமளவென்று எழும்போது ஸ்டார்ட் ஆகாது. ஒரு மாதம் கிடந்தாலே பெட்ரோல் கெட ஆரம்பித்து, கார்புரேட்டர் ஜெட்டில் பிசின் பிடித்துவிடும். நிறுத்துவதற்கு முன் எரிபொருள் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் முடிந்தது. வண்டி மேல் போட்ட கான்வாஸில் தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். ஏடிஸ் கொசு வளர்ந்தால், நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உங்களுக்குத்தான்.

கத்தி மூடியின் அடிப்பக்கத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஈரப் புல் அப்பிக்கொண்டது என்று தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். அது கத்தித் தண்டின் பேரிங்குக்குள் புகுந்து மாதக்கணக்கில் அதைத் தின்னும். காய்ந்தபின் சுரண்டி எடுப்பதே நல்லது. ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றாமல் கையை உள்ளே விடாதீர்கள். பெல்ட் விஷயமும் அப்படித்தான்: ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து வாங்கும் சாதாரண வி-பெல்ட் மாட்டும், ஓடும், கொஞ்ச நாளில் கருகும். இந்த வண்டிகளில் பெல்ட்டே கிளட்ச் வேலையையும் செய்வதால் அதற்கென்று செய்த பெல்ட்தான் தாங்கும்.

இப்போது சீட்டுக்கு வருவோம். கத்தி சுற்றும்போது ஓட்டுபவர் சீட்டை விட்டு எழுந்தால் எஞ்சின் அணைய வேண்டும். அதற்குத்தான் சீட்டுக்கு அடியில் சுவிட்ச். நம் ஊரில் சீட் பஞ்சு மழையில் ஊறி, தண்ணீர் சுவிட்சுக்குள் இறங்கி, தொடுமுனை களிம்பு பிடிக்கும். உள்ளே எறும்பு குடியேறியதையும் பார்த்திருக்கிறேன். அப்புறம் மேடு பள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் வண்டி அணையும். எரிச்சலாகத்தான் இருக்கும். யாராவது ஒருத்தர், “அண்ணே, ரெண்டு வயரையும் சேத்துட்டா சரியாயிடும்” என்பார். சரியாகவும் ஆகிவிடும். அதனால்தான் அதை யாரும் கோளாறாகவே நினைப்பதில்லை.

கத்தி நுனியின் வேகத்துக்கு அமெரிக்கத் தரவிதி வைத்திருக்கும் உச்ச அளவு நிமிடத்துக்கு 19,000 அடி. மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். புல் அடைத்துக்கொண்டதென்று எழுந்துபோய், புல் வெளியேறும் வாயில் கையை வைப்பவரை அந்தச் சுவிட்ச்தான் காக்கிறது. தஞ்சோங் பூங்கா பக்கத்துச் சரிவுகளில் வண்டி புரண்டால், தூக்கி எறியப்பட்டவர்மேல் கத்தி சுற்றிக்கொண்டே விழாமல் பார்ப்பதும் அதுதான். பெரும்பாலான கையேடுகள் 15 டிகிரிக்கு மேற்பட்ட சரிவில் ஏறாதே, சரிவில் குறுக்காக ஓட்டாதே என்கின்றன. ரிவர்ஸ் போனால் கத்தியை நிறுத்தும் சுவிட்ச் பல வண்டிகளில் இருக்கிறது. பின்னால் பிள்ளை நிற்பது தெரியாமல் ரிவர்ஸ் எடுத்தவர்களால் வந்தது அது. அதையும் நம் ஆட்கள் விட்டுவைப்பதில்லை.

உங்கள் வண்டியை இன்றே சோதித்துப் பார்க்கலாம். சுற்றி ஆள் இல்லாத சமதரையில், கத்தி மூடியைத் தாழ்த்தி, ஹேண்ட் பிரேக் போட்டு எஞ்சினை ஓடவிடுங்கள். கத்தியை எஞ்சினோடு சேர்த்துச் சுற்றவிட்டு, வண்டியை விட்டு இறங்காமல் சீட்டிலிருந்து லேசாக எழுந்து பாருங்கள். அணைய வேண்டும். அதேபோல் கத்தி சேர்ந்திருக்கும்போதோ, பிரேக்கை மிதிக்காமலோ சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் அந்த வண்டியில் வேலை பார்க்காதீர்கள்.

ஆள் வைத்துப் புல் வெட்டும் காண்ட்ராக்டர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 1994இல் வந்தது. 2024 ஜூன் 1 முதல் அதன் திருத்தம் நடைமுறைக்கு வந்து, ஏறக்குறைய எல்லா வேலையிடங்களையும் உள்ளே கொண்டுவந்துவிட்டது. சுவிட்சை முடக்கிய வண்டியில் உங்கள் ஆளை ஏற்றினால், “அவன்தான் வயரைச் சேர்த்தான்” என்று சொல்லி ஒதுங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

சுவிட்ச் ஒன்றும் பெரிய விலையில்லை. வாங்க வரும்போது சீட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைப் போனில் படம் எடுத்து வாருங்கள், பழைய சுவிட்சையும் கையோடு கொண்டு வாருங்கள். சுவிட்சுகள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றில் அழுத்தினால் தொடுமுனைகள் தொடும், இன்னொன்றில் அழுத்தினால் விடும்.