ஓ.டி. என்றால் எந்த ஓ.டி.?

“தம்பி, இந்தச் சொட்டு மருந்து எந்தக் கண்ணுக்குப்பா?”

சாயங்காலம் ஏழு மணி, கடையில் கூட்டம் நெரியும் நேரம். எழுபதைத் தொட்ட அந்த அம்மா மருந்தை வாங்கிப் பையில் வைத்து, பணமும் கொடுத்துவிட்டு, நகராமல் நின்று கேட்டார். மருந்துப் பெட்டியின் மேல் ‘தினமும் ஒரு வேளை’ என்று அப்போதுதான் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தேன். சீட்டில் அப்படித்தான் இருந்தது. டிமோலால் 0.5 சதவீதம், பக்கத்தில் ‘ஓ.டி.’, அப்புறம் ‘ஒரு மாதம்’. மருந்தாளுநராக 22 வருடமாக ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு தடவை என்று படித்துப் பழகிய கண் எனக்கு.

“ரெண்டு கண்ணுக்கும்தான் இருக்கும்மா” என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்லவேளை, சொல்லவில்லை. சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். வெளியூர் கண் மருத்துவமனை ஒன்றில் கம்ப்யூட்டரில் அடித்த சீட்டு. தாள் சரியாக உட்காராமல், வலது ஓரத்துக் கட்டம் பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. அதில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். பத்து நிமிடம் கழித்து லைனுக்கு வந்த டாக்டர், “அது வலது கண் சார். காலை, ராத்திரி ரெண்டு வேளை. வேளை கடைசிக் கட்டத்தில் இருக்குமே” என்றார். வெட்டுப்பட்டது அந்தக் கட்டம்தான்.

அந்த அம்மாவுக்குக் கண் அழுத்த நோய். நான் எழுதியபடியும் சொல்ல வந்தபடியும் போட்டிருந்தால் வலது கண்ணுக்குப் போக வேண்டிய மருந்தில் பாதிதான் போயிருக்கும். தேவையில்லாத இடது கண்ணுக்கும் போயிருக்கும். கண் அழுத்த நோயில் போன பார்வை திரும்பி வராது. இன்னொரு விஷயம், டிமோலால் சொட்டு கண்ணோடு நிற்பதில்லை. மூக்கின் ஓரமாக இறங்கி ரத்தத்தில் கலக்கும். நாடித்துடிப்பைக் குறைக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையே வரவழைக்கும். சொட்டு மருந்துதானே என்று எண்ண முடியாத மருந்து அது.

தப்பைப் பிடித்தது நான் இல்லை, அந்த அம்மா கேட்ட ஒரு கேள்வி. அன்று ராத்திரி கடையைப் பூட்டிய பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கண் மருத்துவத்தில் ஓ.டி. என்பது ‘ஒக்குலஸ் டெக்ஸ்டர்’, லத்தீனில் வலது கண். இடது கண் ஓ.எஸ்., இரண்டும் சேர்ந்தால் ஓ.யு. கண்ணாடி பவர் எழுதித் தரும் அட்டை வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பல அட்டைகளில் மேல் வரிசையில் ஓ.டி., கீழ் வரிசையில் ஓ.எஸ். என்று இருக்கும். பொது மருத்துவர் எழுதும்போது அதே இரண்டெழுத்து ‘ஆம்னி டையே’ ஆகிவிடுகிறது. தினந்தோறும் என்று பொருள், இதுவும் லத்தீன்தான். பிரிட்டிஷ்காரர்கள் வழியில் வந்த வழக்கம் இது. நம் மருத்துவக் கல்லூரிகளிலும் பார்மசி வகுப்புகளிலும் இன்றைக்கும் இப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். அமெரிக்காவில் தினம் ஒரு வேளையை க்யூ.டி. என்று எழுதிவந்தார்கள். அங்கே ஓ.டி. என்றால் ஒன்று வலது கண், இல்லாவிட்டால் அளவுக்கு மீறி மருந்து சாப்பிட்டது, அதாவது ஓவர்டோஸ். நம் ஊர் எமர்ஜென்சி வார்டிலும் ‘ஓ.டி. கேஸ்’ என்றால் அந்தப் பொருள்தான்.

இந்தக் குழப்பத்துக்கு ஏட்டிலேயே இடம் உண்டு. அமெரிக்காவில் ஐ.எஸ்.எம்.பி. என்ற மருந்துப் பாதுகாப்பு நிறுவனம், தவறுக்கு இடம் தரும் சுருக்கெழுத்துகளின் பட்டியல் ஒன்றை வெளியிட்டுப் புதுப்பித்து வருகிறது. அதில் ஓ.டி.யும் இருக்கிறது. தினம் ஒரு வேளை என்று எழுதியதை வலது கண் என்று படித்து, குடிக்க வேண்டிய திரவ மருந்தைக் கண்ணில் விட்டுவிடும் ஆபத்தைக் காரணமாகக் காட்டுகிறார்கள். நான் செய்ய இருந்த தப்பைத் தலைகீழாகத் திருப்பினால் இதுதான்.

ஓவர்டோஸ் என்றதும் இன்னொரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஒரு ராத்திரி துபாயிலிருந்து ஒரு பையன் போன் செய்தான். அவன் அப்பாவுக்குத் தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதியிருந்தார்கள். சீட்டை வாட்ஸ்அப்பில் பார்த்தவன், மாத்திரை பேருக்குப் பக்கத்தில் இருந்த ஓ.டி.யை இணையத்தில் தேடியிருக்கிறான். முதலில் வந்தது ஓவர்டோஸ். “அண்ணா, அப்பா ஏதாவது பண்ணிக்கிட்டாராண்ணா? அம்மா எங்கிட்ட மறைக்கிறாங்களா?” என்று குரல் நடுங்கக் கேட்டான். ராத்திரி ஒரு மாத்திரை என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை என்று புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது. கடல் கடந்து இருக்கிற பிள்ளைக்கு இரண்டு எழுத்து என்ன பாடு படுத்திவிட்டது!

மருத்துவமனையை விட்டு வெளியே வந்தால் இதே ஓ.டி. வங்கியில் ஓவர்டிராப்ட், கல்லூரியில் ஆன் டியூட்டி, லேத் பட்டறையில் குழாயின் வெளிவிட்டம். அங்கெல்லாம் தப்பாகப் புரிந்தால் திரும்பக் கேட்டுச் சரிசெய்துகொள்ளலாம். உடம்புக்குள் போன மருந்தை அப்படித் திரும்ப வாங்க முடியாது.

தமிழ் பேசுகிற நமக்கு இதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. ‘டாக்டர்’ என்பதில் வருகிற டியையும் ‘டைம்’ என்பதில் வருகிற டியையும் நாம் ஒரே எழுத்தால்தான் எழுதுகிறோம். பேசும்போதும் பல பேருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் விழும். அதனால் ஆபரேஷன் தியேட்டரும் ஓ.டி., ஓவர்டைமும் ஓ.டி., தினம் ஒரு வேளையும் ஓ.டி. ‘பி.டி.’ இன்னும் மோசம். இரண்டு வேளை மாத்திரையும் பி.டி., ரத்தம் கசிந்து நிற்கும் நேரத்தைப் பார்க்கிற டெஸ்டும் பி.டி., ரத்தம் உறைவதற்கான புரோத்ராம்பின் டெஸ்டும் பி.டி., பள்ளிக்கூட பி.டி. மாஸ்டரும் பி.டி. வார்டிலிருந்து ஆயாம்மாவோ அட்டெண்டரோ வாய்மொழியாக வந்து, “அந்தப் பேஷண்டுக்கு பி.டி. சொல்லியிருக்காங்க” என்றால், சொன்னது மருந்தா, பரிசோதனையா? எழுதி வாங்கி வரச் சொல்லித் திருப்பி அனுப்பிய நாட்கள் உண்டு. அதற்காகக் கோபித்துக்கொண்டவர்களும் உண்டு.

தடுப்பூசியிலும் இது நடக்கிறது. காலில் ஆணி குத்தினால் ‘டி.டி. ஊசி’ போட வேண்டும் என்பது நம் வீடுகளில் குழந்தைக்கும் தெரியும். அது டெட்டனஸ் டாக்ஸாய்டு. இப்போது அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அதன் இடத்தில், டெட்டனஸோடு டிப்தீரியாவுக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஊசி வந்துவிட்டது. இங்கிலீஷில் எழுத்து மாறியிருக்கிறது, தமிழ்க் காதுக்கு அதே டி.டி.தான். கர்ப்பிணிகள் அட்டையைக் காட்டி “இது பழைய ஊசியா, புதுசா?” என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. சலித்துக்கொள்ளக் கூடாது.

மருந்துக்கடையில் நான் அதிகமாக விளக்கம் சொல்லியிருப்பது ‘பி.பி.’ பற்றித்தான். மாத்திரை அட்டையின் பின்பக்கம் மருந்தின் பேரை ஒட்டிச் சின்ன எழுத்தில் ஐ.பி., பி.பி., யு.எஸ்.பி. என்று ஏதாவது ஒன்று இருக்கும். அந்த பி.பி.க்கும் ரத்த அழுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது ‘பிரிட்டிஷ் பார்மகோபியா’. அந்த நாட்டின் மருந்துத் தரநூலில் சொன்ன தரத்துக்கு ஏற்பச் செய்தது என்று அர்த்தம். ஐ.பி. என்பது நம் இந்தியத் தரநூல். சுதந்திர இந்தியாவின் முதல் பதிப்பு 1955-இல் வந்தது. இன்று அதை வெளியிடும் ஆணையம் காசியாபாத்தில் இருக்கிறது. இதே ஐ.பி. ஆஸ்பத்திரியில் உள்நோயாளி, போலீஸ் ஸ்டேஷனில் வேறு.

ஒரு பெரியவர் வயிற்றுப் பிரச்சினைக்குக் கொடுத்த மாத்திரையை மூன்று வாரமாகத் தொடவே இல்லை. அட்டையைக் கொண்டுவந்து, எழுத்தின் மேல் நகத்தை வைத்துக் காட்டி, “எனக்குத்தான் பி.பி. கிடையாதே, ஏன் இதைக் கொடுத்தீங்க?” என்றார். எழுதப் படிக்கத் தெரிந்தவர், அட்டையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். அப்படிப்பட்ட கவனமான ஆள்தான் இதில் ஏமாந்தார் என்பதுதான் என்னை வருத்துகிறது.

எம்.எஸ். என்றால் நம்மில் பல பேருக்குக் காதில் முதலில் ஒலிப்பது சுப்புலட்சுமி அம்மாவின் குரல். ஆஸ்பத்திரியில் அது அறுவை மருத்துவப் படிப்பு, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்குகிற நோய், நரம்பு உறையைத் தாக்குகிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதோடு இரண்டு மருந்துகள். ஒன்று மார்பின் சல்பேட், கடும் வலிக்கு. இன்னொன்று மெக்னீசியம் சல்பேட், கர்ப்பிணிகளுக்கு வருகிற வலிப்புக்கு. ஒன்றின் இடத்தில் மற்றதைச் செலுத்தினால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயிண்ட் கமிஷன் 2004-இல் ‘எழுதவே கூடாத’ சுருக்கங்களின் பட்டியலைக் கொண்டுவந்தபோது எம்.எஸ். அதில் இடம் பெற்றது. முன்னே சொன்ன க்யூ.டி.யும் அதில் இருக்கிறது. இன்சுலின் அளவைக் குறிக்கிற யு என்ற ஒற்றை எழுத்தும் உண்டு. ஏன் என்றால், அவசரத்தில் கிறுக்கிய யு சைபர் மாதிரி தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். நம் ஊரில் இன்சுலின் குப்பியே மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று இரண்டு விதமாக விற்கிறது. 40-க்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. மாற்றி எடுத்தால் கணக்கே குலைந்துவிடும். இன்சுலின் போடுகிற வீடுகளில் இதை மட்டும் இன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸுக்கும் கொடுக்கிற இந்த மாத்திரையை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டுவிட்டால் ரத்த அணுக்கள் உற்பத்தி விழுந்துபோகும், வாய் முழுக்கப் புண்ணாகும், உயிரே போகலாம். சீட்டில் எல்லா மாத்திரைக்கும் நேராக ஓ.டி., ஓ.டி. என்று வரிசையாகப் போகும்போது, இதற்கு நேராகவும் கை தானாக அதையே எழுதிவிடக்கூடும். அப்படி எழுதாவிட்டாலும் கண் அப்படிப் படித்துவிடக்கூடும். நான் இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது கவரில் கிழமையையே எழுதுகிறேன். ‘ஞாயிற்றுக்கிழமை மட்டும்’ என்று. அவர்கள் வாயாலேயே ஒரு தடவை கிழமையைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கவரைக் கையில் கொடுப்பேன்.

டாக்டர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காலை ஓ.பி.யில் நூறு பேரைப் பார்க்கிற ஒருவர் ஒவ்வொரு சீட்டிலும் ‘தினமும் காலை ஒரு மாத்திரை, சாப்பாட்டுக்குப் பின்’ என்று முழுதாக எழுத நேரம் எங்கே இருக்கிறது? மருந்தின் மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தவரை பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2016-இல் விதியைத் திருத்தியது. அதனால் பேரைப் படிப்பது முன்னைவிடக் கொஞ்சம் சுலபமாகியிருக்கிறது. வேளையையும் உறுப்பையும் அப்படி எழுதினால் போதும் என்பது என் ஆசை. 1-0-1 என்று நம் ஊரில் எழுதுகிறோமே, காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று, அது பி.டி.யைவிட எவ்வளவோ மேல். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அதைப் புரியவைத்துவிடலாம். கண், காது என்று வந்தால் மட்டும் வலது, இடது என்ற சொல்லை முழுசாக எழுதிவிடுங்கள் டாக்டர். வலது காதுக்கு ஏ.டி. என்று ஒரு சுருக்கம் இருக்கிறது, அது அவசர எழுத்தில் ஓ.டி.யாகத் தெரியும். காதுக்கான சொட்டு கண்ணில் விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து வாங்க வருகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கவரை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். எதற்கு, எந்த வேளைக்கு, எத்தனை நாளைக்கு, சொட்டு மருந்தென்றால் எந்தப் பக்கத்துக்கு என்று கேளுங்கள். பின்னால் கூட்டம் நிற்கிறதே, கடைக்காரர் முகம் சுளிப்பாரே என்று தயங்க வேண்டாம். அப்படிச் சுளித்தால் அந்தத் தப்பு எங்களுடையது. வீட்டில் படித்த பிள்ளைகள் இருந்தாலும் சீட்டில் உள்ள இரண்டெழுத்தை இணையத்தில் தேடி முடிவுக்கு வராதீர்கள். கொடுத்த கடைக்கோ, எழுதிய இடத்துக்கோ ஒரு போன் போடுங்கள்.

அந்த அம்மா போன மாதம் வந்தார். புதுச் சீட்டு, அதே கம்ப்யூட்டர் எழுத்து, அதே ஓ.டி. ஆனால் பக்கத்திலேயே நீல மை பேனாவால் தமிழில் ‘வலது கண், காலை – இரவு’ என்று எழுதியிருந்தது. “டாக்டரையே எழுதித் தரச் சொல்லிட்டேன்ப்பா” என்றார்.