ராடிக்கல் என்றால் வேர். ‘தீவிரவாதச் சூழலியல்’ என்பது பிழை

சூழல் சீர்கேட்டை மேலோட்டமாகச் சரிசெய்வதோடு நிற்காமல், அதன் வேரில் இருக்கும் எண்ணங்களையும் சமூக அமைப்பையும் கேள்வி கேட்கும் கொள்கை ‘ராடிக்கல் என்விரான்மென்டலிசம்’. அதைத் ‘தீவிரவாதச் சூழலியல்’ என்று எழுதும் வழக்கம் பரவுகிறது. கட்டுரைகள், மேடைப் பேச்சுகள், மாணவர்களின் ஆய்வேடுகள் என எங்கும் இதுதான். இந்தத் தொடரின் முன்பாதியும் பிழை, பின்பாதியும் பிழை. முன்பாதி அந்தக் கொள்கைக்காரர்களைக் குற்றவாளிகள் ஆக்குகிறது. பின்பாதி ஒரு கொள்கையை அறிவியல் துறை ஆக்குகிறது. துறைக்குச் சூழலியல், கொள்கைக்குச் சூழலியம்; காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சொற்பிறப்பு எளிது. லத்தீனில் ‘ராடிக்ஸ்’ என்றால் வேர். அதன் பெயரடைதான் ராடிக்கல், ‘வேரைச் சார்ந்தது’. முள்ளங்கியைக் குறிக்கும் ‘ராடிஷ்’ இதே குடும்பம். விதையிலிருந்து முதலில் வெளிவரும் முளைவேருக்குத் தாவரவியலில் ‘ராடிக்கிள்’ என்று பெயர். கணக்கில் வர்க்கமூலக் குறியும் ராடிக்கல்தான். அரசியலுக்குள் இச்சொல் நுழைந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தில் தேர்தல் முறையை அடியோடு சீர்திருத்த வேண்டும் என்று கேட்டவர்களால். மேல்பூச்சு போதாது, வேரில் கைவைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

‘தீவிரம்’ வடமொழி ‘தீவ்ர’ என்பதன் தமிழ் வடிவம். கடுமை, வேகம், மிகுதி என்று பொருள். அது அளவைச் சொல்லும் சொல். ராடிக்கலோ இடத்தைச் சொல்லும் சொல்: கேள்வி எங்கே போய்த் தொடுகிறது என்பதை. நாளுக்கு ஆயிரம் மரக்கன்று நடுகிறவரைத் தீவிரமான சூழல் ஆர்வலர் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ‘மரம் யாருக்காக?’ என்று அவர் ஒருபோதும் கேட்காமல் இருக்கலாம். ஒரு கன்றும் நடாமல், ‘மனிதனுக்குப் பயன்படாவிட்டால் காட்டுக்கு மதிப்பில்லையா?’ என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் ராடிக்கல். அளவையும் ஆழத்தையும் குழப்பிய இடத்தில்தான் இந்த மொழிபெயர்ப்பு சறுக்குகிறது.

‘தீவிர’ என்பதோடு நின்றிருந்தால்கூடப் பாதிப் பிழையோடு போயிருக்கும். அதோடு ‘வாதம்’ சேர்ந்ததும் நிலைமை கெட்டுவிட்டது. ‘தீவிரவாதி’ என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் பல பத்தாண்டுகளாக ஒரே பொருளில் பயன்படுத்தி வந்திருக்கின்றன: துப்பாக்கி, குண்டு, தடைசெய்யப்பட்ட இயக்கம். அந்தச் சொல்லை எடுத்து ஆர்னே நெஸ் மீது ஒட்டுகிறார்கள். நார்வே நாட்டு மெய்யியலாளர் அவர், இந்தக் கொள்கையின் முன்னோடிகளில் ஒருவர். காந்தியின் அறப்போர் முறையைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1970இல் மார்டால்ஸ்ஃபோசன் அருவியை நீர்மின் திட்டத்திலிருந்து காக்க நடந்த போராட்டத்தில் அமர்ந்திருந்தார். காவலர்கள் போராட்டக்காரர்களைத் தூக்கிக்கொண்டுபோய் அப்புறப்படுத்தினார்கள். கை ஓங்காமல் தூக்கிச் செல்லப்பட்ட மனிதரைத் ‘தீவிரவாதச் சூழலியலாளர்’ என்று அறிமுகம் செய்தால், அவர் வாதத்தைப் படிக்கும் முன்பே வாசகர் தீர்ப்பு எழுதிவிடுவார்.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘மரத்தில் ஆணி அடித்து ரம்பத்தைச் சிதைத்தவர்களும், திமிங்கில வேட்டைக் கப்பலை மோதியவர்களும் இந்த இயக்கத்தில்தானே இருந்தார்கள்?’ இருந்தார்கள். கப்பலை மோதிய ‘சீ ஷெப்பர்ட்’ (1977இல் தொடங்கியது), ஆணி அடித்தலோடு பேசப்படும் ‘எர்த் ஃபர்ஸ்ட்’ (1980இல் தொடங்கியது) ஆகிய அமைப்புகளின் செயல்முறைகள் கடும் விவாதத்துக்கு உள்ளானவை. ஆனால் அவை முறைகள். முறைக்குத் தமிழில் தனிச்சொற்கள் இருக்கின்றன: மறியல், நேரடி நடவடிக்கை, நாசவேலை. ஒரு செயல் நாசவேலை என்றால் அந்தச் செயலை அப்படியே எழுதுங்கள். கொள்கையின் பெயருக்குள் அதைப் புதைத்துவிட்டால், பிறகு கொள்கையையும் முறையையும் பிரித்துப் பேசவே சொல் இருக்காது. அதே குடையின் கீழ், மனிதரை மனிதர் ஆள்வதே சூழல் சிக்கலின் வேர் என்று சமூகச் சூழலியம் பேசிய அமெரிக்கச் சிந்தனையாளர் முர்ரே புக்சின் இருக்கிறார், பெண்ணை ஒடுக்குவதையும் இயற்கையை ஒடுக்குவதையும் இணைத்துப் பார்க்கும் சூழல்பெண்ணியம் இருக்கிறது. அவர்களுக்குள் பெரிய சண்டைகளும் உண்டு. எல்லாரையும் ஒரே முத்திரையால் குத்துவது சோம்பல்.

‘புரட்சிகரச் சூழலியம்’ என்பாரும் உண்டு. புரட்டிப்போடுவது விளைவு, வேரைத் தேடுவது தொடக்கம். ‘அடிப்படைவாதச் சூழலியம்’ இன்னும் மோசம். வேருக்கு நெருங்கிய சொல்தான் ‘அடிப்படை’ என்றாலும், ‘அடிப்படைவாதம்’ மதப் பிடிவாதத்துக்கு என்றே ஒதுங்கிவிட்டது.

அப்படியானால் ‘வேர்ச்சூழலியம்’ என்று சொல்லிவிடலாமா? தூய தமிழ்தான், சுருக்கமும்தான். ஆனால் ‘வேர்ச்சூழல்’ என்றதும் வேரைச் சுற்றியுள்ள மண்ணும் நுண்ணுயிரும் நினைவுக்கு வரும். அதை ஆராயும் துறையும் உண்மையில் இருக்கிறது. தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க முடியாது. ஆகவே ‘வேர்நோக்குச் சூழலியம்’ என்பதே சரி. தொலைநோக்கு, மேல்நோக்கு என்று நாவுக்குப் பழகிய அமைப்பு. வேரை நோக்கிப் போகும் சூழலியம் என்று கேட்டவுடன் பிரிந்துவிடும். இதைப் பின்பற்றுபவர் ‘வேர்நோக்குச் சூழலியர்’. நீளமாக இருக்கிறது என்று குறைப்படுவோர், தாங்கள் எழுதும் ‘தீவிரவாதச் சூழலியலாளர்’ என்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

இனி ‘-இயல்’. இயல் என்பது துறை: இயற்பியல், உயிரியல், சூழலியல். இயம் என்பது கொள்கை: பெண்ணியம், மார்க்சியம். 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் உருவாக்கிய ‘எக்காலஜி’ வீட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த அறிவியல் பெயர். அதற்குச் சூழலியல் பொருந்தும். கொள்கைக்குச் சூழலியம்தான். நெஸ் 1973இல் எழுதிய கட்டுரையில் பேர்வைத்த ‘டீப் எக்காலஜி’ பெயரளவில் ‘லஜி’ என்று முடிந்தாலும், அவர் அதை ஓர் இயக்கம் என்றே எழுதினார். எனவே அதுவும் ‘ஆழ்சூழலியம்’. இங்கே ‘ஆழ்’ என்பது கேள்வியின் ஆழம். ‘ஏன்?’ என்று கேட்டு, வந்த விடையை மறுபடி ‘ஏன்?’ என்று கேட்டுக்கொண்டே இறங்குவது. ‘ஆழமான சுற்றுச்சூழல்’ என்று எழுதுகிறார்கள். ஏதோ குழியின் வருணனை போல இருக்கிறது. சுற்றும் சூழலும் ஒரே பொருள்தான். ஒருபொருட்பன்மொழியை நன்னூல் அனுமதிக்கிறது, சண்டையில்லை. ஆனால் அதே கட்டுரையில் நெஸ் முதலில் மறுப்பதே ‘நடுவில் மனிதன், சுற்றிலும் மற்றவை’ என்ற படத்தைத்தான். அந்தப் படத்தை இரண்டு முறை சொல்லும் சொல்லை அவர் தலையில் கட்டலாமா? சூழல் என்பது இனி மாற்ற முடியாதபடி ஊன்றிவிட்டது, இருக்கட்டும். ‘சுற்று’ வேண்டாம்.

நெஸ்ஸும் அமெரிக்க மெய்யியலாளர் ஜார்ஜ் செஷன்ஸும் 1984இல் ஆழ்சூழலியத்துக்கு வகுத்த எட்டு அம்சங்களைத் தமிழாக்கும்போது ஏழாவது அம்சம் தவறாமல் நொறுங்குகிறது. நுகர்வு உயர்ந்துகொண்டே போவதை ஒருபக்கமும் வாழ்வின் தன்மையை மறுபக்கமும் வைத்துப் பின்னதைப் போற்றச் சொல்கிறது அது. தமிழில் இரண்டுக்குமே ‘வாழ்க்கைத் தரம்’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘வாழ்க்கைத் தரத்தைவிட வாழ்க்கைத் தரம் முக்கியம்’ என்றால் வாசகர் என்ன செய்வார்? முன்னதை ‘வசதி மட்டம்’ என்றும் பின்னதை ‘வாழ்வின் செம்மை’ என்றும் பிரியுங்கள். மூன்றாவது அம்சத்தில் பிற உயிர்களின் வளத்தைக் குறைக்க மனிதருக்கு உள்ள ஒரே விலக்கு ‘வைட்டல்’ தேவை. அதை ‘அத்தியாவசியத் தேவை’ என்றால் கடைச்சரக்குப் பட்டியல் ஞாபகம் வருகிறது. லத்தீனில் ‘வீட்டா’ என்றால் உயிர். ‘உயிர்த்தேவை’ என்பது வேரிலும் பொருளிலும் ஒத்துவருகிறது.

மிகப் பெரிய விபத்து ‘ஐடென்டிஃபிகேஷன்’ என்ற சொல்லில் நடக்கிறது. விலங்கோடும் ஆற்றோடும் மலையோடும் மனிதருக்குள்ள உள்ளப் பிணைப்புக்கு நெஸ் இட்ட பெயர் அது. ‘விலங்குகளை அடையாளம் காணுதல்’ என்று மொழிபெயர்த்தால் அது வனக்காவலர் பயிற்சி ஆகிவிடும். அவர் தந்த எடுத்துக்காட்டைப் பார்த்தால் போதும். லெம்மிங் என்னும் எலிவகை ஒன்றின் உடலிலிருந்து குதித்த தெள்ளுப்பூச்சி, நுண்ணோக்கியின் கீழ் அமிலத்தில் விழுந்து துடித்துச் சாகிறது. பார்த்துக்கொண்டிருந்த நெஸ் அதில் தன்னையே கண்டார். முதலில் தன்னை அங்கே காண்கிறார். இரக்கம் அதிலிருந்து பிறக்கிறது. அதனால் அவருக்கு இது கடமை பற்றிய பேச்சாகத் தோன்றவில்லை. ‘நான்’ என்பதன் எல்லை விரிந்தால், காப்பது இயல்பாக வரும் என்றார்.

இதற்கு ‘ஒன்றுதல்’ என்பதே பொருத்தம். கதையில் ஒன்றிப்போனேன், பாட்டில் ஒன்றிப்போனேன் என்று எல்லாரும் சொல்வதுதான். ‘ஆன்மிகப் பிணைப்பு’ என்றால் வாசகர் மனம் வழிபாட்டுப் பக்கம் போய்விடுகிறது. வள்ளலாரின் ‘ஆன்மநேய ஒருமைப்பாடு’ மிக நெருங்கி வருகிறது. வாடிய பயிரைக் கண்டு வாடியவரின் சொல் அது, வேறென்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் அது உயிர்கள் எல்லாம் உறவு என்ற அடித்தளத்தில் நிற்கிறது. நெஸ்ஸின் ஒன்றுதல் பாறைக்கும் ஆற்றுக்கும்கூட நீள்கிறது. இரண்டையும் ஒன்றென எழுதினால் இருவருக்கும் அநீதி.

இந்த இடத்தில் தூய தமிழ் அன்பர்கள் சிலர், இவையெல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்தவைதான் என்று முடித்துவிடுகிறார்கள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாவற்றையும் கருப்பொருள் என்று ஒரே வரிசையில் வைத்தது தொல்காப்பியம். அது உண்மை, அழகு. ஆனால் அதே தொல்காப்பியம்தான் மக்களை உயர்திணை என்றும் மற்றவற்றை அஃறிணை என்றும் பிரித்தது. அல் திணை: உயர்வு அல்லாத திணை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது புலமை ஆகாது.

‘நான்-ஹ்யூமன்’ என்பதற்கு இப்போது எழுதும் ‘மனிதரல்லாத உயிர்கள்’ அதே அல்-வாய்பாட்டில்தான் வார்க்கப்பட்டிருக்கிறது. மனிதரை அளவுகோலாக வைத்து, எஞ்சியதை இல்லாமையால் பெயரிடுகிறது. ‘பிற உயிர்கள்’ என்று எழுதுங்கள். ‘பிற’ என்ற சொல் மனிதரையும் ஓர் உயிராக எண்ணிக்கொண்டுதான் வாயில் வரும்.